குளக்கட்டில் வெட்டிவேர் நடுங்கள்: வன்னியின் சிறுகுளங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியின் சிறுகுளங்களைப் பார்க்கும் கமநல அதிகாரிகளுக்கும், தொழினுட்ப உத்தியோகத்தர்களுக்கும், கமக்காரர் அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர், அங்கத்தவர் எல்லோருக்கும்,

வணக்கம்.

இனிமேல் வன்னியில் எந்தச் சிறுகுளத்தின் கட்டைத் திருத்தினாலும், அந்த வேலையின் மதிப்பீட்டிலேயே, மண் கரையாமல் பிடிக்க வெட்டிவேர்ப் புல்லை நெருக்கமாக வரிசையில் நட்டு உண்டாக்கும் வேலிக்கும், அதை இரண்டு மாரி பராமரிப்பதற்கும் காசு ஒதுக்குங்கள். அதற்கான நாற்றை ஊருக்குள்ளேயே வளர்க்க இப்போதே ஒரு துண்டு நிலம் பாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்த கதை. ஆடி, ஆவணியில் டோசரும் டிப்பரும் வரும். கட்டில் கிரவல் கொட்டி, உருளை ஓட்டி, சரிவை நேராக்கி விடுவார்கள். புரட்டாதி முடியும்வரை கட்டு புதுசாகத்தான் தெரியும். ஐப்பசியில் இடிமழை தொடங்கும், கார்த்திகையில் வாடையோடு சேர்ந்து கொட்டும். மார்கழியில் கட்டில் நடந்து பார்த்தால் சரிவு முழுக்க விரலளவு கீறல்கள். அடுத்த மாரியில் அந்தக் கீறல்கள் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். மாடுகள் ஏறி இறங்கும் இடம் தனி ஓடையாகியிருக்கும். நாலைந்து வருடத்தில் லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) போன கட்டில் சைக்கிளைக் கூட உருட்டிக்கொண்டு போகவேண்டி வரும். பிறகு திரும்பவும் மதிப்பீடு, திரும்பவும் கொந்தராத்து, திரும்பவும் கிரவல்.

இதில் ஒருவரையும் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. வேலை செய்தவர்கள் கேட்டபடி மண்ணைப் போட்டார்கள், இறுக்கினார்கள். மண்ணைப் பிடித்துவைக்க எதையும் கேட்கவில்லை, அதனால் எதுவும் வைக்கப்படவில்லை. அவ்வளவே.

எங்கள் மண்ணின் குணத்தை நினைத்துப் பாருங்கள். வன்னியின் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி செங்கபிலநிற மண். காய்ந்த காலத்தில் மண்வெட்டி இறங்காது. முதல் மழையில் மேற்பரப்பு அடைபட்டு, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாலேயே ஓடும். ஓடும் தண்ணீர் தளர்ந்த மண்ணை அள்ளிக்கொண்டு போகும். அதோடு, வருடம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் எங்களுக்குக் கிடைக்கிறது. எட்டு மாதம் வெயிலில் வெடித்துக் கிடக்கிற மொட்டை மண்ணில் ஒரே இரவில் பெருமழை விழும். 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. விடியும்போது ஆயிரக்கணக்கான சனம் வெள்ளத்துக்குத் தப்பிப் பாடசாலைகளில் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது நாடு முழுக்கவே அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்தது. இப்படியான மழை இனி வராது என்று கணக்குப் போட்டுக் குளக்கட்டு கட்ட முடியாது.

கரைகிற மண் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். கட்டின் உள்பக்கத்து மண் குளத்துக்குள் போகிறது, குளத்தின் கொள்ளளவு குறைகிறது. வெளிப்பக்கத்து மண் வாய்க்காலுக்குள் போகிறது, சிறுபோகத்துக்கு (கோடைப் பயிருக்கு) முதல் நாங்களே அதை வெட்டி அள்ளுகிறோம். ஒரே மண்ணை ஏற்றவும் காசு, இறக்கவும் காசு.

மதிப்பீட்டில் புல்பதிப்பு என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் கோடையில் தரவையில் வெட்டிய அறுகம்புல் கட்டிகளைச் சரிவில் அடுக்கிவிட்டுப் போனால், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அவை மழை வருமுன் கருகிவிடுகின்றன. தப்பிப் பிடித்த அறுகும் மேல்மண்ணை மட்டுமே மூடும், அதன் வேர்களில் பெரும்பகுதி மேலேயே பரவி நிற்கும். அறுகு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மழைத்துளி நேரே மண்ணில் அடிக்காமல் தடுக்க அதைப்போல ஒரு போர்வை வேறில்லை. சரிவில் வேகம் பிடிக்கிற தண்ணீரைத் தடுத்து நிறுத்தத்தான் இன்னொன்று வேண்டும்.

அந்த இன்னொன்று வெட்டிவேர். தெற்காசிய மண்ணின் சொந்தப் புல் அது. ஈரநிலத்திலும் ஆற்றோரத்திலும் தூர் தூராக நிற்கும், ஒருமுறை பிடித்தால் வருடக்கணக்காக அதே இடத்தில் நிற்கும். எங்கள் வீடுகளில் அதன் வேரைத்தான் அதிகம் தெரியும். மண்பானைத் தண்ணீரில் போட்டது, மருந்துக்கடையில் கட்டாக வாங்கியது. அந்த வேர் மண்ணுக்குள் என்ன செய்கிறது என்று கட்டுத் திருத்தும்போது நாங்கள் கேட்பதில்லை.

வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரே கீழே இறங்கும். இளகிய நல்ல மண்ணில் முதல் வருடத்திலேயே 3 மீற்றர்வரை போகக்கூடியது. இறுக்கிய கட்டில் அவ்வளவு வேகம் இருக்காது, என்றாலும் அறுகு எட்டாத ஆழத்துக்கு அது போகும். 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்த வேரின் இழுவிசை வலிமை சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்று அளந்திருக்கிறார்கள். மென்னுருக்குக் கம்பியின் வலிமையில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்ட. ஒரு புல்லின் வேருக்கு!

மண்ணுக்கு மேலே தண்டுகள் விறைப்பாக நெருங்கி நிற்கும். நெருக்கமாக ஒரு வரிசை நட்டால், சரிவில் ஓடிவரும் தண்ணீர் அந்த வரிசையில் முட்டி, வேகம் குறைந்து, அகலப் பரவி, இடுக்குகளால் மெல்லக் கசிந்து போகும். கொண்டுவந்த மண் வரிசைக்கு மேலே படியும். படியப் படிய அந்த இடத்தில் ஒரு சிறு திட்டு உருவாகும், புல்லும் அந்த மண்ணுக்கு மேலாக எழும்பி வளரும். கல்லடுக்கும் சீமெந்தும் நாளாக நாளாகத் தேயும், இந்த வேலி வருடத்துக்கு வருடம் தடிக்கும்.

வன்னிக்கு இது ஏன் பொருந்தும் என்றால், எங்கள் இரண்டு கெட்ட காலங்களையும் அது தாங்கும். வளர்ந்த தூர் வாரக்கணக்காகத் தண்ணீருக்குள் நின்றாலும் சாகாது. ஆவணிக் காய்ச்சலில் இலை வெளிறினாலும் அடிக்கட்டை பச்சையாகவே கிடக்கும். கட்டுப் புல்லுக்கு நெருப்பு வைக்கிற பழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை. வெட்டிவேரின் குருத்து மண்மட்டத்தில் ஒளிந்திருப்பதால், எரிந்த தூரும் மழைக்குத் திரும்ப எழும்பும். உவரையும் ஓரளவு தாங்கும் என்பதால் பூநகரிப் பக்கத்து உவர்நிலக் கரைகளிலும் சோதித்துப் பார்க்கத் தகுந்தது.

இது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த புதினமும் கிடையாது. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பக்கத்துக் கமக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் காணி எல்லையில் நட்டு வந்தார்கள். பிஜித் தீவில் 1950களில் சரிவான கரும்புத் தோட்டங்களின் மண்ணைப் பிடிக்க இதை வரிசையாக நட்டார்கள். 1980களில் உலக வங்கியின் ஆட்கள் இந்தியாவில் இதைக் கையில் எடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தாய்லாந்தில் 1991இலிருந்து மன்னர் பூமிபோல் தாமே முன்னின்று பரப்பினார். தெற்காசியாவின் புல்லை வைத்து மற்ற நாடுகள் தங்கள் வீதிச் சரிவுகளையும் வாய்க்கால்களையும் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் இன்னும் கிரவல் கணக்கிலேயே நிற்கிறோம்.

கூட்டங்களில் இதைச் சொன்னால் கேட்கப்படும் கேள்விகள் எனக்குத் தெரியும். அவை நியாயமான கேள்விகள்.

முதலாவது, பரவிக் களையாகிவிடுமா? வன்னிக்காரர் இதைக் கேட்காமல் விடக்கூடாது. பார்த்தீனியம் இந்தத் தீவில் முதலில் பதிவானது 1999இல், எங்கள் வவுனியாவில்தான். கிளறிய மண் எங்கெல்லாம் கிடக்கிறதோ அங்கெல்லாம் அது ஏறிவிட்டது. கினிப்புல்லும் அப்படியே, தெருவோரத்தில் ஆளுயரம் வளர்ந்து கோடையில் நெருப்புக்குத் தீனியாக நிற்கிறது. வெட்டிவேரில் தென்னிந்திய வகை என்று சொல்லப்படும் நறுமண வகை முளைக்கும் விதையைத் தருவதில்லை. தரையோடும் ஓடாது, நட்ட இடத்திலேயே நிற்கும். ஆனால் விதை போடும் வட இந்திய வகையும் இருக்கிறது. ஆகவே நாற்றை எங்கேயாவது கண்ட இடத்தில் பிடுங்கி வராமல், விவசாயத் திணைக்களத்தின் வழியாக வகையை உறுதிப்படுத்தி வாங்குங்கள். இந்த ஒரு விடயத்தில் அவசரம் வேண்டாம்.

இரண்டாவது, பொறியியலாளர்கள் கேட்பது. மண் அணையில் உயரமான புல் நின்றால் கசிவு கண்ணுக்குத் தெரியாதே? சரியான கேள்வி. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களின் அணையில் கொண்டுபோய் நடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவற்றுக்கு வேறு முறையும் வேறு கண்காணிப்பும் உண்டு. நான் பேசுவது 80 ஹெக்ரேயருக்குக் குறைந்த வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் குளங்களைப் பற்றி. அவை கமநலத்தின் கையிலும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த கமக்காரர் அமைப்புகளின் கையிலும் இருக்கின்றன. அங்கேகூட, கட்டின் வெளி அடிவாரத்தைத் திறந்தே விடுங்கள், கசிவு அங்கேதான் முதலில் தெரியும். வரிசைகளைச் சரிவின் மேற்பாதியில் வையுங்கள். உள்பக்கம் முழுக்கொள்ளளவு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வரிசை போதும், அலை அடித்துக் கட்டைத் தின்பதை அது குறைக்கும். வருடத்தில் இரண்டு தரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் கட்டும் தெரியும், பாம்புக்குப் பயப்படும் சனத்துக்கும் நிம்மதி.

மூன்றாவது, மாடு. கட்டாக்காலி மாடுகள் எந்தப் பச்சையையும் விடாது. முற்றிய வெட்டிவேர் இலையை மாடு அதிகம் தேடாது, ஆனால் இளம் நாற்றைக் கடித்துப் பிடுங்கிவிடும். பெரும்போகம் (மாரிப் பயிர்) விதைத்தபின் மாடுகளை வயல்பக்கம் விடாமல் கட்டுவது எங்கள் ஊர்க்கட்டுப்பாடு. நடுகையும் அதே காலத்தில் வருவதால், அந்தக் கட்டுப்பாட்டைக் குளக்கட்டுக்கும் நீட்டுமாறு பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தால் முதல் மூன்று நாலு மாதம் தப்பிவிடும். மாடுகள் ஏறி இறங்க ஓர் இடத்தில் கல் பதித்துப் பாதை கொடுங்கள். அது இல்லாமல் எந்த வேலியும் நிலைக்காது.

நாலாவதை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். வேருக்கு விலை உண்டு. வாசனை எண்ணெய்க்காக ஹெயிட்டியில் மலைச்சரிவுகளில் இந்த வேரைத் தோண்டித் தோண்டி எடுத்ததில், மண்ணைக் காக்க வேண்டிய புல்லே மண்ணரிப்புக்குக் காரணமாகியிருக்கிறது. கட்டில் நட்ட வெட்டிவேரை ஒருவரும் தோண்டக்கூடாது என்று அமைப்பின் யாப்பிலேயே, அதாவது அதன் விதிகளிலேயே, எழுதிவிடுங்கள். வேர் விற்க விரும்புவோர் தங்கள் தோட்டத்தில், மணல் நிரப்பிய உரப்பைகளில் வளர்க்கட்டும். அது தனி வருமானம், அதற்கு என் முழு ஆதரவும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. நிழலில் இந்தப் புல் தேயும். கட்டிலும் கட்டடியிலும் நிற்கும் மருதையும் புளியையும் இதற்காகத் தறித்துவிடாதீர்கள். நிழல் விழும் துண்டை விட்டுவிட்டு வெயில் விழும் இடத்தில் மட்டும் நடுங்கள்.

இனிக் கணக்கு. 400 மீற்றர் நீளக் கட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசை என்றால் 800 மீற்றர். 15 சென்ரிமீற்றருக்கு ஒன்று என்று நட்டால் ஏறத்தாழ 5,300 நாற்று. ஒவ்வொரு நாற்றும் இரண்டு மூன்று தண்டு சேர்ந்தது என்பதால் 16,000 தண்டுவரை தேவைப்படும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் தண்ணீரும் வெயிலும் உள்ள நாற்று மேடையில் ஒரு தூர் சில மாதத்தில் இருபது தண்டுக்குமேல் வெடிக்கும். அப்படிப் பார்த்தால் 800 தாய்த்தூர் போதும். அடிக்கு ஒன்றாக நட்டாலும், நடக்க வழி விட்டாலும், அரைப் பரப்புக் காணிக்குள் (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) அடங்கிவிடும். குளத்துக்குக் கீழே கழிவு வாய்க்கால் ஓரத்தில், கோடையிலும் ஈரம் காயாத அரைப் பரப்பு எந்த ஊரில் இல்லை?

தையிலோ மாசியிலோ மேடை போட்டால், சிறுபோகத் தண்ணீரோடு வளர்ந்து ஐப்பசிக்குப் பிரிக்கத் தயாராக இருக்கும். பிரிக்கும்போது இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வேரை நாலு விரல் விட்டு நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். முதல் மழை இரண்டு மூன்று இறங்கி மண் நனைந்ததும் நட வேண்டும். வரிசை கட்டின் நீளவாக்கில், ஒரே நீர்மட்டத்தில் போக வேண்டும், தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்தால் போதும். வரிசை சரிந்து போனால் தண்ணீர் அதன் வழியே ஓடி ஒரு மூலையில் குவிந்து கட்டை அறுக்கும். இது முக்கியம். தையில் போய்ப் பார்த்து, செத்த இடங்களுக்கு மீள் நடுகை செய்ய வேண்டும். இடைவெளி விட்ட வேலி தண்ணீருக்கு வாசல் திறந்து கொடுக்கும். அதனால்தான் இரண்டு மாரிப் பராமரிப்பை மதிப்பீட்டில் எழுதுங்கள் என்று கேட்கிறேன். நட்ட அன்றே படம் எடுத்து, அன்றே முழுக்காசையும் கொடுத்து முடிக்கிற முறையில் எந்தச் செடியும் வளராது. பாதிக் காசை இரண்டாம் தையில், வேலி மூடியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

நாற்று மேடையை யாரிடம் கொடுப்பது என்றால், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடம் கொடுங்கள் என்று நான் சொல்வேன். போருக்குப் பிறகு பெண்கள் தனியே தாங்கும் குடும்பங்கள் வன்னியில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாற்றுக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயித்து வாங்கினால், டிப்பர் காசாக வெளியே போகிற பணத்தில் ஒரு பங்கு ஊருக்குள் நிற்கும். இதைச் சிரமதானமாகச் செய்யச் சொல்லாதீர்கள். கிரவலுக்குக் காசு உண்டு, புல்லுக்கு மட்டும் இலவச உழைப்பு என்றால், புல்லுக்கு மதிப்பில்லை என்று நாங்களே சொன்னதாகிவிடும்.

கட்டோடு இதை நிறுத்தவும் தேவையில்லை. நிரம்பிய குளத்தின் மிகைநீர் வெளியேறும் வான் பாய்ந்து இறங்கும் இடத்துக்கு இரு பக்கக் கரைகள், துருசு (மதகு) வாய்க்காலின் வளைவுகள், அலைகரைக்கு (குளத்தின் மேற்பக்க நீர்விளிம்புக்கு) மேலே குளத்துக்குள் தண்ணீர் வந்து சேரும் ஓடைவாய்கள் எல்லாம் ஒரு வரிசை கேட்கின்றன. அலைகரையைப் பிடித்துப் பயிர் செய்வோர் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு, அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன். முன்னோர் குளத்துக்கு மேலே புல்லும் மரமும் விட்டுத்தான் குளம் வைத்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் இறங்கும் இந்தத் தொடர்குள முறையை உலக உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக ஏற்றது. அந்தப் பெருமையில் மேட்டுப் புல்லுக்கும் பங்கு உண்டு.

கிரவல் அகழ்ந்து விட்ட கிடங்குகளும், மணல் அள்ளிச் சரிந்த ஆற்றங்கரைகளும், மிதிவெடி தேடிக் கிளறிச் சலித்த காணிகளும் வன்னியில் நிறையக் கிடக்கின்றன. அகழ்வு அனுமதி கொடுக்கும்போதே விளிம்பில் புல்வேலி நட்டு மூட வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டு ஒன்றும் நடக்காமல் போவதைவிட, குளக்கட்டில் தொடங்குவோம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒவ்வொரு கமநல சேவை நிலையப் பிரிவிலும் இந்த வருடம் திருத்தப் போகும் குளங்களில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். அதன் கட்டில் பாதிக்கு வெட்டிவேர் வையுங்கள், மறுபாதியை வழக்கம்போல விடுங்கள். இரண்டு மாரி கழித்து, நீங்களும் நாங்களும் சேர்ந்து அளவு நாடாவோடு நடந்து, எந்தப் பாதியில் எவ்வளவு மண் போயிருக்கிறது என்று அளப்போம். அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்த்து, எங்கள் அமைப்புகளுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். நாற்று மேடைக்கு நிலம் தேடுவதும், மாடு பார்ப்பதும், மீள் நடுகையும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறுகுளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரன்